ஏடிஎச்டி மாத்திரையின் பக்க விளைவுகள்: எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள்

முப்பது வயதுக்கு மேல் ஏடிஎச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காமல் அலைபாயும் கோளாறு) என்று தெரியவந்து மாத்திரை தொடங்குகிறவர்களுக்கு முதல் மாதம் குழப்பமானது. மருந்து கேட்கிறது, வேலையில் மனம் நிற்கிறது. ஆனால் மத்தியானம் சோறு இறங்குவதில்லை, இரவு ஒரு மணி வரை கண் மூடுவதில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. சிலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் “மருந்துன்னா அப்படித்தான்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இரண்டுமே வேண்டாத கஷ்டம். இந்தத் தொந்தரவுகளில் பெரும்பாலானவை அளவு, நேரம், சாப்பாடு, டீ காபி ஆகிய நான்கில் ஒன்றைத் திருத்தினால் குறைந்துவிடும். நான்கில் எது என்று கண்டுபிடிக்க, தொந்தரவு எத்தனை மணிக்கு வந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

காலை மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரத்தில் வரும் தலைவலிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வரும் தலைவலிக்கும் காரணம் வேறு. முதலாவது மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருகிறது. அளவு அதிகமாக இருக்கலாம், அல்லது வெறும் வயிற்றில் போட்டிருக்கலாம். இரண்டாவது மருந்து இறங்கும்போது வருகிறது. மத்தியானம் சாப்பிடாததும் தண்ணீர் குடிக்காததும் அதில் சேர்ந்திருக்கும். “தலை வலிக்குது டாக்டர்” என்று மட்டும் சொன்னால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருக்கு வழி இல்லை.

எந்த மாத்திரை, எவ்வளவு நேரம்

நம் ஊரில் பெரியவர்களுக்கு எழுதப்படுவது பெரும்பாலும் இரண்டு மருந்துகள்: மெத்தில்ஃபெனிடேட், அட்டமாக்ஸெட்டின். அமெரிக்காவில் பரவலாக உள்ள ஆம்பெட்டமைன் வகை மாத்திரைகள் இங்கே கடைகளில் கிடைப்பதில்லை. இணையத்தில் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். “ஆரஞ்சு ஜூஸ் குடித்தால் மருந்து ஏறாது, வைட்டமின் சி கூடாது” என்று அங்கே எழுதியிருப்பது ஆம்பெட்டமைனைப் பற்றியது. மெத்தில்ஃபெனிடேட் போடுகிறவர் எலுமிச்சை ஜூஸையோ மாம்பழத்தையோ ஒதுக்க வேண்டியதில்லை.

இரண்டு மருந்துகளுமே மூளையில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் அதிக நேரம் நிற்கும்படி செய்கின்றன. மெத்தில்ஃபெனிடேட் டோபமைனையும் அதே மாதிரி நிறுத்திவைக்கிறது. கவனம் கூடுவது இதனால்தான். அந்த நார்அட்ரினலின்தான் இதயத் துடிப்பை ஏற்றுகிறது, எச்சிலைக் குறைக்கிறது, பசியை அடக்குகிறது. மருந்தின் பலனும் தொந்தரவும் ஒரே இடத்திலிருந்து வருவதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடியோடு துரத்த முடியாது. அளவையும் நேரத்தையும் சரிசெய்து தாங்கும்படி குறைக்க முடியும்.

மெத்தில்ஃபெனிடேட்டில் சாதாரண மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். மெதுவாகக் கரையும் மாத்திரை ஆறு முதல் எட்டு மணி நேரம் வரும். உள்ளே இருக்கும் மருந்தைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளும் நீண்ட நேர மாத்திரை பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். இந்தக் கடைசி வகையின் ஓடு கரையாது. மலத்தில் முழு மாத்திரை மாதிரி வெளியே வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொன்று போட்டுவிடக் கூடாது. மெதுவாகக் கரையும் எதையும் உடைப்பது, நசுக்குவது, மெல்லுவது கூடாது. பத்து மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் உடம்பில் ஏறிவிடும்.

சாதாரண மாத்திரையை 5 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகத் தொடங்கி, வாரத்துக்கு 5 அல்லது 10 மி.கி. ஏற்றிப் பார்ப்பதுதான் வழக்கம். பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு 60 மி.கி.க்குள் முடிந்துவிடும். ஏற்றும் ஒவ்வொரு வாரமும் பக்க விளைவுகள் ஒரு சுற்று தலைகாட்டும். பசிக் குறைவு, தலைவலி, லேசான குமட்டல், வாய் உலர்ச்சி ஆகியவை பலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் தானாகத் தணியும். வாரம் போகப் போக ஏறிக்கொண்டே போகும் தொந்தரவுக்கு அளவை மாற்ற வேண்டும், பொறுத்துப் பார்க்கக் கூடாது.

சாப்பாடு

பசி போவதுதான் அதிகமானவர்களை மாத்திரையை விட்டு ஓட வைக்கிறது. அதைத் தடுக்க மருந்து தேவையில்லை. மாத்திரை ஏறுவதற்கு முன்னால் வயிறு நிறைய வேண்டும், அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் மாத்திரையை வாயில் போட்டுவிட்டு, குளித்துக் கிளம்பும்போது “பசிக்கலை” என்று டீயோடு போனால், அன்றைய முதல் சாப்பாடு சாயங்காலம் ஆறு மணிக்குத்தான். முதலில் சாப்பிட்டுவிட்டு, கடைசி வாய்க்குப் பிறகு மாத்திரை போடுங்கள். குமட்டலும் இதிலேயே பாதி அடங்கும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துச் சாப்பாடு இதற்குக் கைகொடுக்கக் கூடியது. காலையில் ஒரு சொம்பு ராகிக் கூழில் மோர் விட்டு, கூடவே வேகவைத்த இரண்டு முட்டையோ ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ சேர்த்தால் மத்தியானம் வரை தாங்கும். மத்தியானத்தில் தட்டில் களியைப் பார்த்தாலே வயிறு மறுக்கிறது என்பவர்கள் உருண்டையைப் பாதியாக்கிக்கொள்ளலாம். ஆனால் மொச்சைக் குழம்பையும் கீரைக் கடைசலையும் குறைக்காதீர்கள். உடம்பு இளைப்பதைத் தடுக்கும் புரதம் குழம்பில்தான் இருக்கிறது. கெட்டியான சாப்பாடு இறங்காத நேரத்தில் தண்ணீராக இருப்பது இறங்கும். அதனால் வேலை இடத்துக்கு ஒரு பாட்டில் கூழோ பாலில் அடித்த வாழைப்பழமோ கொண்டுபோய், பசிக்காகக் காத்திருக்காமல் மணி பார்த்துக் குடிப்பது நல்லது. மருந்து இருக்கும் வரை பசி வராது, கடிகாரம்தான் சொல்ல வேண்டும்.

மருந்து இறங்கிய பின் இரவு எட்டு ஒன்பது மணிக்குப் பசி மொத்தமாக வரும். அதைத் தடுக்க வேண்டாம், பரோட்டாவால் மட்டும் நிரப்பவும் வேண்டாம். நாளின் பெரிய சாப்பாட்டை அப்போது வைத்துக்கொள்ளலாம், படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பு முடிந்தால் போதும். வாரம் ஒரு நாள், அதே நாளில், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தொடங்கிய எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ குறைந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுத்துவிட்டு, பசி இல்லாததால் மத்தியானச் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். இவை மூன்றுமே ஏடிஎச்டி மாத்திரையின் தொந்தரவு மாதிரியே இருப்பதால் ஆள் ஏமாந்துவிடுவார். சந்தேகம் வந்த நிமிடமே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். கருவி இல்லை என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கால் மணி நேரம் பொறுத்து, பிறகு சாப்பிட வேண்டும்.

தூக்கமும் ஷிப்டும்

“காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று” என்று சீட்டில் எழுதியிருப்பது பகல் வேலைக்காரருக்கான கணக்கு. ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்தும் ராயக்கோட்டையிலிருந்தும் பஸ் ஏறுகிறவர்களுக்கு ‘காலை’ என்பது வாரத்துக்கு வாரம் மாறும். முதல் ஷிப்டுக்கு நாலரை மணிக்கு எழுகிறவருக்கும், இரவு ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்குப் படுக்கிறவருக்கும் ஒரே சீட்டு பொருந்தாது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஷிப்ட் அட்டவணையை போனில் எடுத்துக்கொண்டு போங்கள்.

கணக்கை இப்படிப் போடலாம். மதியம் 2 முதல் இரவு 10 வரை வேலை, பன்னிரண்டு மணிக்குத் தூக்கம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணி நேர மாத்திரையை மதியம் ஒரு மணிக்குப் போட்டால் நள்ளிரவு ஒரு மணி வரை மருந்து உடம்பில் இருக்கும், தூக்கம் வராது. அதே ஆள் நான்கு மணி நேர மாத்திரையை ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் போட்டால் ஒன்பது மணிக்கு மருந்து இறங்கிவிடும், கடைசி ஒரு மணி நேர வேலைக்கு மட்டும் மருந்தின் துணை இருக்காது. இரவு 10 முதல் 6 வரையிலான ஷிப்டில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் போட்டது ஆறு மணிக்கு முடியும், எட்டு மணிக்குப் படுக்கலாம். நாலரை மணிக்குக் கண் சொக்குகிறது என்று மூன்றாவது மாத்திரை போட்டால் பகல் தூக்கம் போயிற்று. ஷிப்ட் மாறும் நாளில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தானாக நேரத்தை மாற்றுவதில் ஒரே நாளில் இரட்டை அளவு போய்விடும் ஆபத்து உண்டு.

தூக்கம் வராததற்கு எல்லா நேரமும் மாத்திரை காரணம் ஆகாது. ஏடிஎச்டி உள்ளவர்கள் பலர் மாத்திரை தொடங்கும் முன்பே இரவு ஒரு மணிக்குப் படுத்தவர்கள்தான். அதனால் முதல் மாத்திரை போடும் முன் ஒரு வாரம் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று குறித்துவைத்தால், பின்னால் ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கும். சிலருக்குப் படுக்கும் நேரத்தில் மருந்து முழுக்க இறங்கி மூளை மறுபடி பரபரப்பதால்தான் தூக்கம் கெடுகிறது. அவர்களுக்கு மாலை அளவைக் குறைத்தால் நிலைமை மோசமாகும். குறிப்பேடு இல்லாமல் இந்த இரண்டு வகையையும் பிரிக்க முடியாது.

படபடப்பு, பி.பி.

மெத்தில்ஃபெனிடேட் சராசரியாக ரத்த அழுத்தத்தை 2 முதல் 4 வரையும், நாடித் துடிப்பை நிமிடத்துக்கு 3 முதல் 6 வரையும் ஏற்றுகிறது. ஆரோக்கியமான ஆளுக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் சராசரிக்கு மேல் ஏறுகிறவர்கள் உண்டு, அவர்களை அளந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அதனால் மாத்திரை தொடங்கும் முன்பும், ஒவ்வொரு முறை அளவு ஏற்றும்போதும், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் பி.பி., நாடி, எடை மூன்றையும் பார்க்க வேண்டும். குடும்பத்தில் 40 வயதுக்குள் யாராவது திடீரென இறந்திருந்தால், நெஞ்சு வலி, மயக்கம், இதய வால்வுக் கோளாறு உங்களுக்கு இருந்திருந்தால், அதை முதல் நாளே சொல்லுங்கள். ஈசிஜி தேவையா என்பது அதைப் பொறுத்தே முடிவாகும். எல்லாருக்கும் ஈசிஜி கட்டாயம் இல்லை.

வீட்டில் எடுக்கும் பி.பி. அளவு பாதி நேரம் தப்பாகிவிடுகிறது. மேல் கையில் சுற்றும் கருவியே நல்லது. டீ, காபி, பீடி, சிகரெட், புகையிலை எதுவானாலும் அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். சட்டைக் கையை மேலே சுருட்டி இறுக்காமல், வெறும் கையில் பட்டையைச் சுற்றி, கை இதய உயரத்தில் மேஜையில் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். மாத்திரைக்கு முன் ஒரு தடவையும், மருந்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஒரு தடவையும் எடுத்தால்தான் மாத்திரையின் பங்கு தெரியும். சாதாரண மாத்திரைக்கு அந்த நேரம் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து.

வீட்டு அளவு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 135/85க்கு மேல் இருந்தால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100ஐத் தாண்டிக்கொண்டிருந்தால், மருத்துவரிடம் பேசுங்கள். நாடி 120க்கு மேல் போய் இறங்காமல் நின்றால் அன்றே காட்ட வேண்டும். கருவி வாங்க வசதி இல்லையா, பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பி.பி. பார்க்க அந்தத் திட்டத்துச் சுகாதாரப் பணியாளர் வந்தால், உங்கள் கையையும் நீட்டிக் கேட்டுப் பாருங்கள்.

படபடப்புக்கு மாத்திரையைக் குற்றம் சொல்லும் முன் டீயை எண்ணுங்கள். கவனத்துக்காக நாளுக்கு ஆறு டீ குடித்துப் பழகியவர், மாத்திரை வந்த பிறகும் ஆறு டீயும் குடித்தால் இரண்டும் சேர்ந்து அடிக்கும். ஒரேயடியாக நிறுத்தினால் அதுவே தலைவலியைத் தரும். இரண்டு நாளுக்கு ஒரு டீ வீதம் குறைத்து, இரண்டில் நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த எதிரி மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை. மூக்கடைப்புக்காக அதில் ஃபினைலெஃப்ரின் அல்லது சூடோஎஃபெட்ரின் இருக்கும், அது பி.பி.யை ஏற்றும். “ஏடிஎச்டிக்கு மாத்திரை போடுறேன், மூக்கடைப்பு மருந்து கலக்காத மாத்திரை கொடுங்க” என்று கேட்டு, வெறும் பாராசிட்டமாலும் ஆவி பிடிப்பதுமாகச் சமாளிப்பது பாதுகாப்பு. காசநோய்க்கு லினெசோலிட் எழுதப்படுகிறவர்கள், வலிப்புக்கு ஃபெனிடாய்ன் எடுப்பவர்கள், கண்ணில் அழுத்த நோய் உள்ளவர்கள், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள் ஆகியோர் எந்த மருத்துவரிடம் போனாலும் ஏடிஎச்டி சீட்டையும் அந்த நோய்க்கான சீட்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருத்துவரிடம் முந்தின நாளே சொல்லுங்கள்.

குடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று. மாத்திரை போட்டிருக்கும்போது போதை ஏறியது தெரியாது, ஆனால் ஏறியிருக்கும். தெளிவாக இருப்பதாக நினைத்து பைக்கை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தர்மபுரி மாவட்டத்து நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கம் நிதானமான ஓட்டுநரையே சோதிக்கும் இடம். அளவு மாறிய முதல் சில நாட்களிலும், மருந்து இறங்கும் மாலை நேரத்திலும் நீண்ட தூரம் ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.

சாயங்கால எரிச்சல்

“ஏங்க, ஆறு மணி ஆனா ஏன் இப்படி எரிஞ்சு விழறீங்க?” இந்தக் கேள்வி வீட்டில் வந்தால் அது முக்கியமான மருத்துவத் தகவல். மருந்து சட்டென்று இறங்கும் நேரத்தில் வரும் எரிச்சல், சோர்வு, அழுகை இது. போட்டவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் வயிறு காலியாக இருந்தால் இரட்டிப்பாகும் என்பதால், இறங்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் ஏதாவது சாப்பிடுவதுதான் முதல் வைத்தியம். அதுவும் போதவில்லை என்றால், மாலையில் ஒரு சிறிய அளவைச் சேர்ப்பதா, நீண்ட நேர மாத்திரைக்கு மாறுவதா என்று மருத்துவர் பார்ப்பார்.

நாள் முழுக்கச் சிரிப்பே வராமல், குழந்தை ஓடி வந்தாலும் மனசு அசையாமல், பொம்மை மாதிரி இருப்பது வேறு விஷயம். மருந்து உச்சத்தில் இருக்கும் நேரங்களில் மட்டும் அப்படி இருந்தால் பெரும்பாலும் அளவு அதிகம். வேலை நன்றாக நடக்கிறது என்பதற்காக இதைச் சகித்துக்கொள்ளக் கூடாது, அளவைக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகும். பதற்றம், கால் ஆட்டிக்கொண்டே இருப்பது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பது ஆகியவற்றுக்கும் இதே கேள்விதான்: எத்தனை மணிக்கு, எந்த அளவில்?

வாய் உலர்ச்சியைச் சாதாரணம் என்று விடுகிறார்கள். எச்சில் குறைந்தால் பல் சொத்தை வேகமாக வரும், அதோடு வாய் ஈரத்துக்காக மிட்டாயை உறிஞ்சினால் இன்னும் வேகம். சர்க்கரை இல்லாத சூயிங்கம், அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர், இரவு படுக்கும் முன் பல் துலக்குவது ஆகியவை போதும். தண்ணீர் அதிகம் குடிப்பதால் இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்கள் எந்தத் தண்ணீர் என்றும் பார்க்க வேண்டும். போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக உள்ள ஊர்களில் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, போர்வெல்லைப் பாத்திரம் கழுவ விடுங்கள்.

அட்டமாக்ஸெட்டின் போடுகிறவர்களுக்கு

இந்த மருந்தின் நேரக் கணக்கு வேறு. மணிக்கணக்கில் ஏறி இறங்காது. முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆனால் குமட்டல் முதல் நாளே வரும். பலன் தெரியும் முன்பே தொந்தரவு தெரிவதால்தான் பலர் இரண்டாவது வாரத்தில் கைவிடுகிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டபின் போடுவதும், ஒரே வேளையில் தாங்கவில்லை என்றால் காலை மாலையாகப் பிரிப்பதும் குமட்டலை நன்றாகக் குறைக்கும். தூக்கம் தூக்கமாக வந்தால் இரவிலும், தூக்கம் கெட்டால் காலையிலும் போடும்படி மருத்துவர் மாற்றித் தருவார். கேப்ஸ்யூலைத் திறந்து பொடியைக் கலக்கக் கூடாது. அந்தப் பொடி கண்ணில் பட்டால் எரியும், உடனே தண்ணீரால் கழுவ வேண்டும்.

வழக்கமான தொடக்கம் 40 மி.கி., பிறகு 80, உச்சம் 100. மன அழுத்தத்துக்கு ஃபுளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின், புப்ரோப்பியான் போன்றவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கணக்கு மாறும். அட்டமாக்ஸெட்டினை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை அவை தடுப்பதால், 40 மி.கி. போட்டவரின் ரத்தத்தில் மருந்து பல மடங்கு சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு அளவை நான்கு வாரத்துக்கு ஏற்றாமல் வைத்திருப்பார்கள். சிலருக்கு அந்த நொதி பிறவியிலேயே மெதுவாக வேலை செய்யும். சிறிய அளவிலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு அதிகம் என்றால் இதைச் சந்தேகிக்கலாம்.

ஆண்களுக்குச் சிறுநீர் இறங்கத் தாமதமாவது, விறைப்புக் குறைவது, விந்து வெளியேறும்போது சங்கடம் ஆகியவை வரலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவதால் மருத்துவருக்கு இவை தெரிவதே இல்லை. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினாலும் போதும், அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ தீர்ந்துவிடக்கூடியவை இவை. அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்படலாம். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்துக்கு மாறுவது, கண் மஞ்சளாவது, வலது விலாவின் கீழ் வலி, உடம்பெல்லாம் அரிப்பு ஆகியவற்றைப் பார்த்தால் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் காத்திருக்க வேண்டாம். கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டு அன்றே கல்லீரல் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ குளோனிடின் சேர்த்துக் கொடுத்திருந்தால் அதை மட்டும் எக்காரணம் கொண்டும் சட்டென்று நிறுத்தக் கூடாது. பி.பி. எகிறிவிடும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சீட்டு தீர்ந்துபோனால்

மெத்தில்ஃபெனிடேட் அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருப்பது. மருந்துச் சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும். ஒன்றைத் தனி உரிமம் பெற்ற மருந்துக் கடை இரண்டு ஆண்டு பத்திரப்படுத்தி வைக்கும். எல்லா மெடிக்கலிலும் இது இருக்காது. வீடியோவில் பார்த்து இதை எழுதித் தரவும் 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதல் அனுமதிப்பதில்லை. அட்டமாக்ஸெட்டினுக்கு இந்தத் தடை கிடையாது. ஆகவே மெத்தில்ஃபெனிடேட் போடுகிறவர் கடைசி மாத்திரை வரை காத்திருந்தால், கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கி.மீ. பெங்களூருக்கோ, மறுபக்கம் சேலத்துக்கோ அவசரமாகப் பஸ் ஏற வேண்டிவரும். ஏழு நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த சந்திப்பைப் போட்டுவிடுங்கள், எந்தக் கடையில் இருப்பு இருக்கிறது என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாள் இடைவெளி விட்டால் ஆபத்து எதுவும் வந்துவிடாது. ஆனால் அளவுக்கு மீறிய தூக்கமும் சோர்வும் அகோரப் பசியும் வரலாம். மறுபடி தொடங்கும்போது விட்ட நாளுக்கும் சேர்த்துப் போடக் கூடாது. ஒரே மாதிரி பிரச்சினை என்று தம்பிக்கோ நண்பனுக்கோ உங்கள் மாத்திரையைக் கொடுப்பது சட்டப்படியும் குற்றம், அவர் இதயத்துக்கும் ஆபத்து.

காத்திருக்கக் கூடாதவை: நெஞ்சு வலி, மயங்கி விழுவது, உழைக்கும்போது மூச்சு முட்டுவது, இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாகத் தோன்றுவது, நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காத வலியுள்ள ஆண்குறி விறைப்பு. இவற்றுக்கு 108ஐ அழையுங்கள், அல்லது தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் எந்த நேரத்திலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம். விரல்கள் குளிரில் வெளுத்து நீலமாகி வலித்தால் உயிராபத்து இல்லை, ஆனால் அந்த வாரமே காட்ட வேண்டும். ஓசூர், தளி பக்கத்து மார்கழிக் காலையில் இது முதன்முதலாகத் தெரியவரலாம். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பே பேசிவிட வேண்டும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மருந்து சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றினால் அதையும் தேதியோடு எழுதுங்கள்.

குறிப்பேட்டுக்கு நாற்பது பக்க நோட்டு போதும். ஏடிஎச்டி உள்ளவர் பெரிய அட்டவணை போட்டால் நான்காம் நாள் விட்டுவிடுவார், அதனால் ஒரு நாளுக்கு ஒரு வரி. “செவ்வாய். 6.15 கூழ், முட்டை. 6.30 மாத்திரை 10. 8.30 பி.பி. 128/82, நாடி 88. மத்தியானம் அரை உருண்டை. 12.30 மாத்திரை 10. டீ 3. 4.45 தலைவலி. 6.00 வீட்டில் சத்தம். 12.20 தூக்கம்.” நோட்டை மாத்திரை டப்பாவோடு ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள், பேனாவும் அதிலேயே. அரசு மருத்துவமனை ஓ.பி.யில் மருத்துவர் உங்களுக்கு ஒதுக்கக்கூடியது சில நிமிடம்தான். இரண்டு வாரத்துப் பதினான்கு வரிகளை அவர் ஒரு நிமிடத்தில் படித்து, 4.45க்கும் 6 மணிக்கும் கீழே கோடு போட்டு, மத்தியான மாத்திரையை எத்தனை மணிக்குத் தள்ளலாம் என்று கேட்கத் தொடங்குவார்.